சீலிங் ஃபேன் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை: புதிய கண்டன்சர் போட்டும் தீராத பழுது (ஏற்காடு)

நாகலூர் தோட்டவீடு

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டை அடுத்த நாகலூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் 1200 மி.மீ. அளவுள்ள பழைய சீலிங் ஃபேன் ஒன்று தொங்குகிறது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து மாசிப் பனி விலகும் வரை இந்த மலையில் ஃபேனுக்கு வேலையே இல்லை என்பதால், அவ்வளவு காலமும் அதை யாரும் போடவில்லை. பங்குனி வெயில் ஏறியபின் சுவிட்சைப் போட்டபோது உறுமல் மட்டும் கேட்டது, இறக்கை அசையவில்லை. இங்குள்ள எலக்ட்ரீஷியன் கண்டன்சர் போயிருக்கும் என்று சொல்லி, பழையதில் எழுதியிருந்த அதே 2.5 மைக்ரோஃபாரட் அளவில் புதியதை மாட்டினார். அதன் பிறகும் அதே உறுமல். காயில் போய்விட்டது, புது ஃபேன் வாங்கிவிடுங்கள் என்று இப்போது சொல்கிறார். எது கெட்டது என்று தெரியாமல் அதைக் கழற்றிப் போட எனக்கு மனமில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை காயில் கடை

வணக்கம் அம்மா. உறுமல் கேட்கிறது என்பதே பாதிச் செய்தி. ஃபேனுக்குள் உள்ள இரண்டு காயில்களுக்கும் பொதுவான கம்பி (பொதுக்கம்பி) அறுந்திருந்தாலோ மின்சாரமே வந்து சேராமல் இருந்தாலோ ஃபேன் ஊமையாகத்தான் தொங்கும். உறுமுகிறது என்றால் குறைந்தது ஒரு காயிலாவது மின்சாரத்தை வாங்குகிறது. அந்த நிலையில் சுவிட்சைப் போட்டபடியே விட்டுவைக்காதீர்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டாருக்கு அதன் இறக்கைகளே தரும் காற்றும் கிடைக்காது. சூடு ஏறிக்கொண்டே போய், இதுவரை நன்றாக இருந்த காயிலும் வார்னிஷ் கருகிப் போகும். எங்கள் கடைக்கு எரிந்த காயிலோடு வரும் ஃபேன்கள் பலவற்றில் முதல் பழுது வேறாக இருக்கும், எரிந்தது பிறகு நடந்ததாக இருக்கும்.

ஆகவே முதலில் மெயினை இறக்குங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது, ஏனென்றால் பழைய வீடுகள் சிலவற்றில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருக்கும்; அணைத்த பின்னும் ஃபேனில் ஃபேஸ் நிற்கும். பிறகு உறுதியான ஏணியில் ஏறி, இறக்கையைக் கையால் மெல்லச் சுற்றிவிட்டு, எத்தனை சுற்று ஓடி நிற்கிறது, நிற்கும்போது சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அதை அறியாமல் நான் எதையும் சொல்ல மாட்டேன்.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற மின்தொழிற் பயிற்றுநர்

காயில் கடைத் தம்பி சொன்ன வரிசையே சரியானது. உறுமலுக்கான காரணத்தையும் சேர்த்து விளக்கிவிட்டால், சகோதரிக்கு அடுத்தடுத்த சோதனைகள் எதற்கென்று விளங்கும்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஒற்றை ஃபேஸ் மின்சாரம். அதை ஒரே ஒரு காயிலுக்குக் கொடுத்தால் உண்டாகும் காந்தப்புலம் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்குமே ஒழிய, எந்தத் திசையிலும் சுழலாது. திரிகையின் பிடியைப் பிடித்துக்கொண்டு அச்சை நோக்கி நேராக எவ்வளவு அழுத்தினாலும் கல் திரும்பாது. குறுக்கே இன்னொருவர், சற்றுப் பிந்தி, பக்கவாட்டில் தள்ளினால்தான் திரும்பும். அந்த இரண்டாவது தள்ளலுக்காகத்தான் ஃபேனுக்குள் முதன்மைக் காயிலோடு கூடவே தொடக்கக் காயில் ஒன்றும் சுற்றப்பட்டிருக்கிறது. அதனோடு தொடராக இணைந்த கண்டன்சர், அதில் ஓடும் மின்னோட்டத்தைக் கால் சுழற்சி அளவுக்கு முன்னதாக நகர்த்துகிறது. இரண்டும் சேரும்போது புலம் சுழல்கிறது, வெளிக்கூடு அதைப் பின்தொடர்ந்து சுற்றுகிறது. 14 துருவங்கள் கொண்ட மோட்டாரில் அந்தப் புலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 428 சுற்று சுழலும். ஃபேன் அதைவிடச் சற்றுக் குறைவாக ஓடும்.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. மின்சாரம் இல்லாதபோது இறக்கையைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு இறங்கி விலகிக்கொள்ளுங்கள். சுற்று நிற்பதற்குள் வேறொருவர் சுவிட்சைப் போடட்டும். சுற்றிவிட்ட திசையிலேயே அது ஓடத் தொடங்கினால், அடுத்த முறை எதிர்த்திசையில் சுற்றிவிட்டுப் பாருங்கள். இரு திசையிலும் ஓடினால் தொடக்கக் காயிலோ கண்டன்சரோ வேலை செய்யவில்லை என்று பொருள். சுவிட்சைப் போட்ட பிறகு இறக்கையைக் கையாலோ கம்பாலோ தள்ளிப் பார்ப்பதை யாரும் செய்ய வேண்டாம்.

நாகலூர் தோட்டவீடு

இருவருக்கும் மிக்க நன்றி. மெயினை இறக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தோம். கைக்குத் தடையில்லாமல் சுற்றுகிறது. ஆனால் சில சுற்றுகளிலேயே நின்றுவிடுகிறது, மெல்லிய கரகரப்பும் உண்டு. பயிற்றுநர் ஐயா சொன்னபடி சுற்றிவிட்டு என் மகன் சுவிட்சைப் போட்டான். ஓடவில்லை. அதற்கு மாறாக, மின்சாரம் பாய்ந்த கணமே யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் சட்டென்று நின்று உறுமியது. எதிர்த்திசையிலும் அப்படியே. இதற்கு என்ன பொருள் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

அம்மாபேட்டை விசைத்தறி

இடையில் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். எங்கள் பகுதியில் மாலை வேளையில் வோல்டேஜ் இறங்கும்போது ஃபேன் இதேபோல் உறுமிக்கொண்டு நிற்கும்; ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தால் தட்டுத் தடுமாறிக் கிளம்பும். அம்மா வீட்டிலும் வோல்டேஜ் குறைவு காரணமாக இருக்கலாமா?

சூரமங்கலம், ஓய்வுபெற்ற மின்தொழிற் பயிற்றுநர்

அம்மாபேட்டை நண்பர் கேட்டது அவசியமான கேள்வி. இந்த மோட்டாரின் சுழல்விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால் விசை ஏறத்தாழ 61 விழுக்காடாகிவிடும். 160 வோல்ட் என்றால் பாதிக்கும் கீழே போய்விடும். ரெகுலேட்டரைத் தாழ்ந்த படியில் வைத்திருந்தால் அதுவும் தன் பங்குக்கு வோல்டேஜைக் குறைக்கும். உங்கள் ஃபேன் ஐந்தாம் படியில் கிளம்பிவிடுகிறது என்றால், வோல்டேஜோடு கண்டன்சரையும் சந்தேகப்படுங்கள். பிளாஸ்டிக் ஏட்டின் மேல் உலோகப் பூச்சுள்ள இந்தக் கண்டன்சர்கள், வோல்டேஜ் திடீரென எகிறும்போதெல்லாம் பூச்சில் சிறுசிறு புள்ளிகளை எரித்து விலக்கித் தம்மைக் காத்துக்கொள்கின்றன. அதற்கு விலையாகக் கொள்ளளவு ஆண்டுதோறும் தேய்கிறது. 2.5 என்று எழுதியிருப்பதற்கு ஐந்து விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். கொள்ளளவு அளக்கும் மல்டிமீட்டரில் 2-க்கும் கீழே காட்டினால் மாற்றிவிடுவதே நல்லது.

நாகலூர் சகோதரிக்கு இன்னும் இரண்டு சோதனைகள் மீதமுள்ளன. ரெகுலேட்டரைத் தவிர்த்து நேரடி இணைப்பில் ஒருமுறை போட்டுப் பார்த்தால் அதன் மீதான சந்தேகம் தீரும். அடுத்து, மெயினை இறக்கி, கீழ்க் கிண்ணத்தைத் தளர்த்தி, கண்டன்சரைக் கழற்றிவிட்டு, மோட்டாரிலிருந்து வரும் மூன்று கம்பிகளை இரண்டிரண்டாக ஓம் அளவில் அளக்க வேண்டும். கிடைக்கும் மூன்று அளவுகளில் பெரியது, மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருந்தால் இரண்டு காயில்களும் அறுபடவில்லை. அந்தப் பெரிய அளவைக் காட்டும் இரு முனைகளுக்கு இடையில்தான் கண்டன்சர் வரவேண்டும். மீதமுள்ள ஒன்று பொதுக்கம்பி. கம்பியின் நிறத்தை நம்பக் கூடாது, அது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. காயில்கள் நலமாக இருந்தால் கண்டன்சரில் தங்கிய மின்னூட்டம் அவற்றின் வழியே தானாக வடிந்துவிடும். காயில் அறுந்திருந்தால் வடிய வழியில்லை. 325 வோல்ட் வரை அதில் தேங்கி நிற்கலாம். எனவே அதன் இரு முனைகளையும் காப்பிட்ட பிடியுள்ள டெஸ்ட் விளக்கின் கம்பிகளால் தொட்டு வடித்த பின்னரே கையில் எடுங்கள். கண்டன்சரைப் பிளக்கில் செருகி எடுத்து, முனைகளை ஒன்றோடொன்று தட்டிப் பொறி பறக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அது ஆபத்தானது, கொள்ளளவு எவ்வளவு குறைந்துள்ளது என்பதையும் அது காட்டாது.

அஸ்தம்பட்டி மாடிவீடு

இதையொட்டி ஒரு கேள்வி. 2.5-க்குப் பதிலாக 3.15 போட்டால் ஃபேன் இன்னும் வலுவாகக் கிளம்பும், வேகமும் கூடும் என்று கடையில் சொன்னார்கள். அது உண்மையா?

செவ்வாய்ப்பேட்டை காயில் கடை

போட்ட அன்று வேகம் கூடியதுபோல் தெரியும். ஆனால் தொடக்கக் காயிலுக்கென்று மெல்லிய கம்பியில் சுற்றிய சுற்றுகளுக்குள் கூடுதல் மின்னோட்டம் பாய்ந்து, ஃபேன் ஓடும் நேரமெல்லாம் அது சூடாகிக்கொண்டே இருக்கும். இந்தக் கண்டன்சர் கிளம்பும்போது மட்டும் வேலை செய்வதன்று, ஓடும் நேரம் முழுவதும் சுற்றில் இருப்பது. மோட்டாருக்கு எந்த அளவு எழுதப்பட்டிருக்கிறதோ அதே அளவையும், 440 வோல்ட் தாங்கும் என்று குறித்ததையும் வாங்குங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் ஃபேன் ஏற்கெனவே வெந்துகொண்டுதான் ஓடுகிறது. அதற்கு மேலும் சுமை ஏற்ற வேண்டாம்.

நாகலூர் அம்மாவுக்கு: நீங்கள் சொன்ன அடையாளம் என்னை வேறு பக்கம் திருப்பியிருக்கிறது. கையால் சுற்றினால் சுற்றுகிறது, மின்சாரம் வந்தால் பிடித்துக்கொள்கிறது என்றால், நான் கண்டன்சரையும் காயிலையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கூட்டைத் தாங்கிச் சுற்றவைக்கும் பேரிங்கைத்தான் சந்தேகிப்பேன். மெயினை இறக்கிவிட்டு, இரண்டு இறக்கைகளின் அடிப்பகுதியைப் பிடித்து, மோட்டாரை மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். தொங்கும் கம்பியோடு முழு ஃபேனும் ஆடுவது வேறு. நடுத்தண்டு அசையாமல் இருக்க, கூடு மட்டும் கடகடவென்று ஆடுவது வேறு. இரண்டாவது உண்டா என்று சொல்லுங்கள்.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற மின்தொழிற் பயிற்றுநர்

தம்பி, கையால் தடையின்றிச் சுற்றும் ஃபேனில் பேரிங்கைச் சந்தேகிப்பது எனக்கு உடனே ஒப்பவில்லை. இறுகிய பேரிங் கைக்கே தெரிந்துவிடுமே. இரண்டு காயில்களில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தாலும் இழுத்து நிறுத்துவதுபோல் நடந்துகொள்ளும். ஓம் அளவு வந்த பிறகு முடிவு செய்வோம் என்பது என் கருத்து.

செவ்வாய்ப்பேட்டை காயில் கடை

ஐயா சொல்வதற்கு மறுப்பாக எழுதுவதாகக் கருத வேண்டாம். கடையில் நான் திறந்து பார்த்ததை எழுதுகிறேன். இறுகிய பேரிங் எல்லா நேரமும் கைக்குத் தெரிவதில்லை. சீலிங் ஃபேனில் நடுத்தண்டு நிலையாக நிற்க, வெளிக்கூடுதான் சுற்றுகிறது. பேரிங்கின் உள்வளையம் தண்டில் இறுக்கமாக அமர்ந்திருக்க வேண்டும். பேரிங் துருவேறி இறுகிவிட்டால், குண்டுகள் உருளாமல் உள்வளையமே தண்டின் மேல் வழுக்கத் தொடங்கும். அப்போது கைக்குச் சுற்றுவதுபோலத்தான் தோன்றும், கரகரப்பு மட்டும் இருக்கும். நாளடைவில் தண்டு தேய்ந்து, வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். காயில் சுற்றிய நடுப்பகுதிக்கும் சுற்றும் கூட்டுக்கும் இடையிலுள்ள காற்றிடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கூடு கொஞ்சம் சாய்ந்தாலும், மின்சாரம் வந்தவுடன் நெருங்கிய பக்கத்தைக் காந்தம் இன்னும் வலுவாக இழுத்து ஒட்டவைத்துவிடும். அணைத்தால் விட்டுவிடும். அதனால்தான் கைச்சோதனை மட்டும் போதாது, ஆட்டியும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

மலைவீடுகளிலிருந்து வரும் ஃபேன்களில் இதை அதிகம் பார்க்கிறேன். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைமாதங்களில் மேகமே சன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. ஓடாத ஃபேனில் அந்த ஈரம் பேரிங்கின் ஓரத்தில் தங்கி, கிரீஸ் காய்ந்த இடத்தில் துருவாகிவிடும். ஓடும் ஃபேனில் மோட்டாரின் சூடே ஈரத்தை உலர்த்திவிடும்.

நாகலூர் தோட்டவீடு

மகனும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து அளந்தார்கள். வீட்டில் வோல்டேஜ் 226. ரெகுலேட்டர் இல்லாமலும் அதே உறுமல். மூன்று ஓம் அளவுகளில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்கு ஒத்து வந்தது. எந்தக் கம்பியும் ஃபேனின் உலோக உடலோடு ஒட்டவில்லை. புதிய கண்டன்சர் 2.5 என்றே காட்டியது. அதன் பிறகு காயில் கடை அண்ணன் சொன்னபடி கூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். தண்டு நிற்க, கூடு மட்டும் பக்கவாட்டில் தெளிவாக ஆடுகிறது. கீழ்க் கிண்ணத்தில் காய்ந்த குளவிக் கூடும் பழுப்பு நிறத் தூளும் இருந்தன.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற மின்தொழிற் பயிற்றுநர்

தம்பி சொன்னதே சரி. காயில் நலமாக இருக்கிறது. அந்தப் பழுப்புத் தூள் பேரிங் துரு. சகோதரி, தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மண்ணெண்ணெய் இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும், எண்ணெய் வழிந்து காயிலில் தூசியைப் பிடித்துவைக்கும். கழற்றுவதற்கு முன் மூன்று இறக்கைகளுக்கும் அவை பொருந்தும் இடங்களுக்கும் பென்சிலால் எண்ணிட்டுக்கொள்ளுங்கள். இடம் மாறினால் பிறகு ஃபேன் தள்ளாடும்.

ஐந்துரோடு வாசகர்

இத்தனை வேலைக்குப் பதிலாகப் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் ஒன்றை வாங்கிவிடுவதே அறிவுடைமை அல்லவா? பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிறது, புதியது 30 வாட்டில் ஓடுகிறது. அதற்குக் கண்டன்சர் தொல்லையும் இல்லை. 2023 ஜனவரி முதல் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடும் கட்டாயமாகிவிட்டது, பார்த்து வாங்கலாம்.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற மின்தொழிற் பயிற்றுநர்

உங்கள் வீட்டுக்கு அது நல்ல யோசனை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 45 வாட் மிச்சம், நாளுக்கு 15 மணி நேரம், ஆண்டில் 300 நாள் என்றால் ஏறத்தாழ 200 யூனிட் குறைகிறது. சேலம் நகரில் அப்படித்தான் ஃபேன் ஓடுகிறது. நாகலூரில் நாளுக்கு 10 மணி நேரம், மூன்று மாதம் ஓடினால் மிச்சம் 40 யூனிட்தான். இலவசமாகக் கிடைக்கும் யூனிட் வரம்புக்கு அருகிலேயே நிற்கும் வீடாக இருந்தால் அந்த மிச்சம் பணமாகக் கைக்கு வருவதும் குறைவு. மேலும் பி.எல்.டி.சி. ஃபேனிலும் பேரிங் உண்டு, மலை ஈரம் அதையும் விடாது. உள்ளிருக்கும் மின்னணுப் பலகை கெட்டால் காயில் கடையில் கம்பி சுற்றித் திருத்தவும் முடியாது. காயில் எரியாத செம்புக் கம்பி மோட்டாரை, பேரிங் ஒன்றுக்காகப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செவ்வாய்ப்பேட்டை காயில் கடை

நாகலூரிலிருந்து ஃபேன் நேற்று கடைக்கு வந்து சேர்ந்தது. திறந்து பார்த்ததை அனைவருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன். கீழ்ப் பேரிங் முழுவதும் துருவேறி இறுகியிருந்தது. அதன் உள்வளையம் வழுக்கி, தண்டில் விரல் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. நடுப்பகுதியின் ஒரு பக்கத்தில் மட்டும் கூடு உரசிய பளபளப்பான கோடு இருந்தது; ஒட்டிக்கொண்டு உறுமிய இடம் அதுதான். காயிலின் நிறம் மாறவில்லை. ஈரம் இருக்கக்கூடும் என்பதால் விளக்கு வெப்பத்தில் உலர்த்தி, மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் உடலுக்கும் காயிலுக்கும் இடையே அளந்த பிறகு வார்னிஷ் பூசினோம்.

தேய்ந்த தண்டில் உளியால் குத்திப் புள்ளி எழுப்பிப் புதுப் பேரிங்கை ஏற்றுவது சிலர் செய்யும் வேலை. சில மாதம் நிற்கும், பிறகு மீண்டும் வழுக்கும். லேத் பட்டறையில் தண்டின் பள்ளத்தை உலோகத்தால் நிரப்பிக் கடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவந்தோம். மேலே 6202, கீழே 6201 என்று பழைய பேரிங்குகளிலேயே எண் இருந்தது. அதே எண்ணில், இருபுறமும் தகடு மூடியவற்றைப் போட்டோம். 6201-இன் உள்விட்டம் 12 மி.மீ., 6202-க்கு 15. தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டுமே குழாய் வைத்துத் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகளின் வழியாகப் பாய்ந்து, புதிய பேரிங்கிலேயே தழும்பு விழும். மேசையில் வைத்துப் போட்டுப் பார்த்தோம்: ரெகுலேட்டரின் முதல் படியிலேயே தானாகக் கிளம்புகிறது.

நாகலூர் தோட்டவீடு

அண்ணா, மிக்க நன்றி. பயிற்றுநர் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை மகன் வந்து எடுத்துக்கொள்வான். வரும் மழைக்காலத்தில் இது மீண்டும் துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்? மாட்டும்போது கவனிக்க வேண்டியது எது?

செவ்வாய்ப்பேட்டை காயில் கடை

ஐப்பசி தொடங்கியதும் வாரம் ஒருமுறையாவது, குளிராக இருந்தாலும், அரைமணி நேரம் ஓடவிடுங்கள்; அந்தச் சூட்டில் ஈரம் வெளியேறும், கிரீஸும் குண்டுகளின் மேல் பரவும். மேல் கிண்ணத்தையும் கீழ்க் கிண்ணத்தையும் இடைவெளி விடாமல் ஏற்றி இறுக்கினால் குளவி உள்ளே போகாது. மாட்டும்போது கொக்கியில் அமரும் ரப்பர் உருளை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். தொங்கும் கம்பியின் மேலும் கீழும் போல்ட்டுகளில் குறுக்கே செருகும் பிளவு ஊசி இரண்டும் புதியதாகப் பையில் வைத்திருக்கிறேன். செருகி, இரு கால்களையும் விரித்து மடக்கிய பிறகே மெயினைப் போடச் சொல்லுங்கள். பழைய ஊசியை நிமிர்த்தி மறுபடி பயன்படுத்த வேண்டாம். மடங்கிய இடத்தில் அது உடையும்.